கெசக்கோலால் அளந்த மலை

திகன, கூடாரம்
10 ஜனவரி 1937

அன்புள்ள ருக்கியா ராத்தாவுக்கு, தம்பி நளீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு நல்ல சுகம். உங்களுக்கும் உங்கள் மகள், என் மருமகள் றமீஸாவுக்கும் மச்சானுக்கும் அதே சுகத்தைக் கேட்டு துஆச் செய்கிறேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நான் கொஸ்கஸ்தென்னைப் பக்கம் வரவில்லை. றமீஸாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்காக மச்சானோடு நான் பேசிய பேச்சும், அவர் பேசிய பேச்சும் உங்களுக்குத் தெரியும். அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவன் நான். ஆனால் தபால்காரன் மிதிக்கலாம்தானே?

இப்போது கல்லையும் மண்ணையும் ஆராயும் ஒரு கூட்டத்தோடு படம் வரைபவனாகச் சேர்ந்திருக்கிறேன். கல்லைப் பார்ப்பவர் ராஜலிங்கம் என்ற யாழ்ப்பாணத்தார். என் வயதுதான். அவர் பார்த்துச் சொல்வதை நான் படத்தில் குறிக்கிறேன்.

நேற்று இங்குள்ள சுண்ணாம்புச் சூளைக்குக் கல் உடைக்கும் பள்ளத்தில் இறங்கினோம். ராஜலிங்கம் ஒரு வெள்ளைக் கல்லை உடைத்து என் கையில் வைத்தார். சீனிக்கட்டி போல் மின்னியது.

“நளீர், இது முந்திக் கடலுக்கு அடியில கிடந்த சேறு” என்றார்.

நான் சிரித்தேன். “கடல் எங்க, திகன எங்க?”

“ஓம், இப்ப தூரம்தான். அப்ப இந்த இடமே கடல். சேறு ஆழத்துக்குப் போய், வெந்து, நசிஞ்சு, சிப்பியின்ர அடையாளமே இல்லாமக் கல்லாப் போச்சுது. அதுக்கு மேல பெரிய மலையள் கிடந்தது. அதெல்லாம் மழையில கரைஞ்சு போனாப் பிறகுதான் இது வெளியில வந்தது.”

ராத்தா, அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மழை கரைத்த மலைகள்! நாம் பிறந்ததிலிருந்து பார்க்கும் மழைதான். எத்தனை மழை பெய்திருந்தால் ஒரு மலை போகும்?

றமீஸாவுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் இங்கிலீஷ் சொல் அனுப்புவேன். தபாலில் படிப்பதை யாரும் நிறுத்த முடியாது. முதற்சொல்: மார்பிள். நம் சலவைக்கல்.

மச்சானுக்கு என் ஸலாம். அவர் ஏற்றாரா என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
நளீர்


கொஸ்கஸ்தென்ன, கம்பளை
2 பெப்ரவரி 1937

அருமைத் தம்பி நளீருக்கு ராத்தாவின் ஸலாமும் துஆவும். நாங்கள் மூவரும் சுகம். உனக்குக் கூடாரத்தில் பனிக் குளிர் அதிகமாக இருக்கும். மார்புக்குச் சால்வை போடாமல் வெளியே போகாதே.

உன் கடிதத்தை றமீஸா மூன்று தரம் வாசித்தாள். மார்பிள் என்று சொல்லிக்கொண்டு அம்மியைத் தட்டிப் பார்க்கிறாள்.

இங்கும் ஓர் அதிசயம் நடந்தது. உன் மச்சான் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டுவிக்கிறார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து இருளப்பன்தான் வெட்ட வந்தான். வெட்ட வெட்டப் பெரிய பெரிய பாறை, அதற்கிடையே மண், மறுபடி பாறை. யாரோ கூடையில் அள்ளிக் கொட்டியது போல ஒழுங்கே இல்லை. இருபத்திரண்டாவது அடியில் மண்வெட்டி “டொக்” என்றது. கல் இல்லை, மரம்! முழு மரம் படுத்துக் கிடக்கிறது. பட்டைகூடப் போகவில்லை.

இருளப்பன் கூடையில் அந்தக் கரும் மண்ணை மேலே அனுப்பினான். அதில் இலைகள் இருந்தன. நான் ஒன்றைப் பிரித்து எடுத்தேன். என் கையில் பச்சையாக இருந்தது, தம்பி. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, சுருண்டு, தூளாகிவிட்டது. காற்றுப் பட்டதும் அதன் ஆயுள் முடிந்தது போல. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இந்த மரம் நின்ற காலத்தில் இந்த இடத்தில் யார் இருந்தார்கள்? அதன்மேல் இருபத்திரண்டு அடி மண்ணைப் போட்டது யார்? ராஜலிங்கத்தாரிடம் கேட்டு எழுது.

அடுப்பங்கரைக் குசினிக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு மூட மறுக்கிறது. தச்சனைக் கூப்பிட வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

உன் ராத்தா,
ருக்கியா


திகன
12 பெப்ரவரி 1937

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பியின் ஸலாம். சால்வையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சுகம்.

உங்கள் கடிதத்தை ராஜலிங்கத்திடம் வாசித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டார். “உங்கட அக்கா இருக்கிற சமதரை முந்திச் சமதரையே இல்லை. அது மேலயிருந்து வந்த மலை” என்றார்.

பாறையும் மண்ணும் கலந்து கிடந்தால் அது ஆறு கொண்டுவந்து போட்டதல்ல. ஆறு கல்லை உருட்டி வழவழப்பாக்கி, அளவு பிரித்துப் போடும். இது ஒரே நாளில், ஒருவேளை ஒரே நிமிஷத்தில், மலை சரிந்து வந்து காட்டை மூடியது. எந்தக் காலம் என்று அவருக்கும் தெரியாது. நூறு வருஷமோ, ஆயிரமோ. காற்றுப் படாததால் இலை அழுகாமல் காத்திருந்தது. காற்றை முதலில் காட்டியவர் நீங்கள்!

அவர் இன்னொன்றும் சொன்னார். இரத்தினபுரிப் பக்கம் இரத்தினக்கல் தேடி மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் பல்லும் கிடைக்கின்றனவாம். இலங்கையில் நீர்யானை! அது புரண்ட பெரிய குளங்களும் புல்வெளிகளும் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. மழையும் வெயிலும் வேறு கணக்கில் இருந்த காலம். நாம் மாறாதது என்று நினைத்து வீடு கட்டியிருக்கும் எதுவும் மாறாமல் இருந்ததில்லை. இதை நினைத்தால் சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

சில விபரம் கேட்கிறார். அந்த மரத்தின் தலை எந்தப் பக்கம்? கிணற்றில் தண்ணீர் எப்படி? வீட்டுக்கு மேலே மலையில் காடு அப்படியே நிற்கிறதா?

றமீஸாவின் சொல்: க்ளைமேட். ஒரு நாளின் மழை வெயில் அல்ல, ஒரு தேசத்தின் நெடுங்கால மழை வெயில்.

மச்சானுக்கு ஸலாம். போன ஸலாத்துக்குப் பதில் வரவில்லை.

நளீர்


கொஸ்கஸ்தென்ன
14 மார்ச் 1937

அருமைத் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். நாங்கள் சுகம். உன் மச்சானுக்குக் கொஞ்சம் இருமல். கம்பளைப் புடவைக்கடைக்குப் போய்த்தான் வருகிறார்.

மரத்தின் தலை ஆற்றுப் பக்கம், வேர் மலைப் பக்கம். கிணற்றில் முதலில் கண்ணாடி போல் தண்ணீர் ஊறியது. இரண்டு கிழமையாகப் பால் போல் கலங்கி வருகிறது. வைத்தால் அடியில் சேறு படிகிறது. நம் தொழுகைத் தக்கியாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் கை கால் கழுவி உளூச் செய்யும் ஊற்று இருந்ததே, அது நின்றுவிட்டது. ஆனால் லயத்துப் பக்கம், இருளப்பன் மனைவி ராக்கம்மாவின் வாசலில், புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. “தண்ணி எங்களத் தேடி வந்துருச்சும்மா” என்று அவளுக்குச் சந்தோஷம்.

வேலியோரப் பலா மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. முன்பே அப்படியா, இப்போதுதான் நான் பார்க்கிறேனா தெரியவில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு உயிருள்ளது போல் தெரிகிறது. நேற்றுக் காலை முற்றத்தில் நின்று காலடி மண்ணைப் பார்த்தேன். இது ஒரு மலையின் உச்சியாக இருந்தது என்று நினைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கதவை இரண்டு தரம் இழைத்தாயிற்று. மறுபடி இறுகுகிறது.

உன் ராத்தா,
ருக்கியா


திகன
19 மார்ச் 1937

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது ராஜலிங்கம் இந்த முறை எழுந்திருக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதவு, ஊற்று, கலங்கல், சாய்ந்த மரம். நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். “நளீர், மலை திரும்ப நடக்கத் துவங்கியிட்டுது” என்றார்.

பயப்படச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்கிறேன். வீட்டுக்கு மேலே, மலை செங்குத்தாகும் இடம்வரை யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். பிறை வடிவில் நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் இரு பக்கமும் இரண்டு முளை அடித்து, இடைத்தூரத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளந்து எழுதுங்கள்.

நான் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் உங்கள் பதில் இல்லை. மேலே காடு நிற்கிறதா? வேர் பிடித்திருக்கும்வரை மண் நிற்கும் என்கிறார் ராஜலிங்கம்.

கந்தோரில் எங்களுக்கு மேலதிகாரியான பெரிய துரைக்கு எழுதியிருக்கிறேன். அவர் வந்து பார்ப்பார். அவர் பார்க்கும்வரை ஊரைக் கலக்க வேண்டாம்.

றமீஸாவின் சொல்: லாண்ட்ஸ்லிப். அதன் பொருளை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நளீர்


கொஸ்கஸ்தென்ன
25 ஏப்ரல் 1937

அருமைத் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். பதில் பிந்திவிட்டது. மலை ஏறியதில் முழங்கால் வீங்கிக் கிடந்தேன். இப்போது சுகம்.

நானும் ராக்கம்மாவும் போனோம். அவள் கொழுந்து எடுக்கிறவள், மலையில் ஆடு போல் ஏறுகிறாள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே போனதும் அவள்தான் முதலில் நின்றாள்.

“அம்மா, அசையாதீங்க. மல பொளந்து கெடக்கு.”

புல்லுக்குள் கறுப்பாக ஒரு கோடு. மாட்டுக் கொம்பு போல் வளைந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மலையைச் சுற்றிப் போகிறது. என் கை நுழையும் அகலம். ராக்கம்மா நீளமான மூங்கில் ஒன்றை உள்ளே விட்டாள். முழுவதும் போய்விட்டது. நான் குப்புறப் படுத்துக் காதை வைத்தேன். உள்ளே எங்கோ தண்ணீர் போகும் சத்தம். குளிர்ந்த காற்று முகத்தில் வந்தது. ஒரு பெரிய பிராணியின் மூச்சைக் கேட்பது போல இருந்தது. பயம் பிறகுதான் வந்தது, தம்பி. முதலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே எங்கள் பதினொரு வீட்டின் கூரையும் தக்கியாவும் தீப்பெட்டி போலத் தெரிந்தன. அதற்கு அப்பால் மகாவலி வெள்ளிக் கம்பி போலக் கிடந்தது. இவ்வளவும் வழுக்கிப் போகக் காத்திருக்கும் ஒரு கம்பளத்தின்மேல் இருக்கின்றன.

மச்சான் கடையில் துணி அளந்த பழைய கெசக்கோலைக் கொண்டு போயிருந்தேன். சரியாக ஒரு கெசம் இருக்கும்படி இரண்டு முளை அடித்தோம். நான் வீங்கிக் கிடந்த நாட்களில் ராக்கம்மா அளந்து வந்தாள். முதல் வெள்ளி மாற்றமில்லை. இரண்டாம் வெள்ளி கால் இஞ்சி, கால் அங்குலம், விரிந்திருந்தது. நேற்று முன்தினம் அரை இஞ்சி தாண்டிவிட்டது.

மச்சானிடம் சொன்னேன். “வெயிலுக்கு நெலம் வெடிக்கும். மல எங்க போகப்போகுது? அது அல்லா வெச்ச எடத்துல ஈக்குது” என்றார்.

உன் துரை எப்போது வருவார்? ஊருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

உன் ராத்தா,
ருக்கியா


கண்டி
22 மே 1937

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். இப்போது கூடாரத்தை விட்டுக் கண்டிக் கந்தோரில் இருக்கிறேன்.

துரை வருவது தள்ளிப் போகிறது. வேலை அதிகம். நீங்கள் அளப்பதை விடாதீர்கள். ராஜலிங்கம் ஊவாப் பக்கம் போயிருக்கிறார்.

மேலே காட்டை யாராவது வெட்டினார்களா? மூன்றாம் தரம் கேட்கிறேன்.

றமீஸாவுக்கு இந்த முறை சொல் இல்லை. மன்னிக்கச் சொல்லுங்கள்.

நளீர்


கொஸ்கஸ்தென்ன
18 ஜூன் 1937

தம்பிக்கு ஸலாம். உடம்புக்குச் சுகம். மனதுக்கு இல்லை.

ஒன்பது நாளாக மழை. மேலே போகும் பாதையில் முழங்கால்வரை சேறு. போன வெள்ளி ஐந்து இஞ்சி கூடியிருந்தது. இன்று பதினொன்று. வெடிப்பின் கீழ்ப்பக்கம் ஒரு முழம் இறங்கிவிட்டது.

உன் துரைக்காக இனிக் காத்திருக்க முடியாது என்று இன்றே ஊர்க்காரரை அழைத்துப் போய்க் காட்டினேன். பெண் பிள்ளை சொல்லி ஆண்கள் மலை ஏறுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் வந்தார்கள். ஜும்ஆ முடிந்து மச்சானும் வந்தார். அவர் கையில் கெசக்கோலைக் கொடுத்தேன்.

“நீங்களே அளங்கோ. நான் பொய் செல்ல ஏலும். இந்தக் கோல் பொய் செல்லுமா?”

அவர் அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். கடையில் இருபது வருஷம் அளந்தவர், தம்பி, மூன்றாம் தரமும் கோலை வைத்துப் பார்த்தார். கோலை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் கீழே இறங்கினார்.

எட்டுக் குடும்பம் இன்றே சாமான் கட்டுகிறது. லயத்திலும் ராக்கம்மா சொல்லிவிட்டாள். கம்பளையில் பள்ளிவாசலோடு சேர்ந்த மடுவக் கொட்டகையில் இடம் தருகிறார்கள். நான் றமீஸாவை அங்கே அனுப்பிவிட்டேன். ஆனால் மச்சான் வீட்டுக்கு வந்ததும் கதிரையில் உட்கார்ந்தவர்தான். “நான் இந்த வூட்ட விட்டு வர மாட்டன்” என்கிறார். அவரை விட்டு நான் எப்படிப் போவது?

நீ வா. நீ சொன்னால் கேட்பாரோ கேட்கமாட்டாரோ, வா. கண்டியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

ருக்கியா


கம்பளை
5 ஜூலை 1937

மச்சான் நளீர் அவர்களுக்கு மீராலெப்பை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ருக்கியாவும் றமீஸாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் மடுவத்தில் இருக்கிறார்கள். இருளப்பன் மௌத்தாகிவிட்டான்.

ருக்கியா எட்டு நாளாக யாரோடும் பேசவில்லை. பேனாவைக் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

ஜூன் 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டு வெயில் வந்தது. ஆபத்துப் போய்விட்டது என்று சிலர் மிச்சச் சாமான் எடுக்கத் திரும்பி வந்தார்கள். ருக்கியா பாதையில் நின்று ஒவ்வொருவரையும் மறித்தாள். “மழ வுட்டாலும் தண்ணி உள்ளுக்குத்தான் ஈக்குது, போகாதீங்கோ” என்று கத்தினாள். இருளப்பன் மட்டும் லயத்தில் மாட்டை அவிழ்க்க வேறு வழியால் போய்விட்டான்.

பிறகு அவள் வீட்டுக்கு வந்தாள். நான் கதிரையில் இருந்தேன். எதிரே தரையில் உட்கார்ந்தாள். “நீங்க வராட்டி நானும் இங்கதான்” என்றாள். அதட்டவில்லை, அழவில்லை. நான் எழுந்தேன்.

நாங்கள் ஓடைப் பாலத்தைத் தாண்டி ஐம்பது அடி போயிருப்போம். முழுத் துணி உருளை ஒன்றை ஒரே இழுவையில் கிழித்தால் வரும் சத்தம். அதை உலகத்தின் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்த்தேன். மரங்கள் நின்றபடியே நடந்து வந்தன, மச்சான். விழவில்லை. நிமிர்ந்து நின்றபடி, கிளையில் பறவைகளோடு, மலையே வந்தது. பிறகு பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகுதான் மரங்கள் சாய்ந்தன. பதினொரு வீடும் தக்கியாவும் லயமும் அந்த மண்ணுக்குள் போய்விட்டன. கண் இமைத்து முடிவதற்குள் எங்கள் ஊர் இருந்த இடத்தில் வேறு ஒரு நிலம் இருந்தது. ஆவி பறந்தது. நான் கலிமாச் சொல்லிக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஒன்றை என் கண் பார்த்திருக்கிறது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

இருளப்பனின் உடல் கிடைக்கவில்லை.

நீங்கள் ருக்கியாவிடம் மூன்று தரம் ஒரு கேள்வி கேட்டீர்கள். கடிதங்களை நேற்றுத்தான் வாசித்தேன். அவள் பதில் எழுதாதது என்னைக் காப்பாற்ற. மேல்காட்டை வெட்டியவன் நான். நீங்கள் சண்டை போட்டுப் போன மறுமாதம் ஆறு ஏக்கரையும் வெட்டி எரித்து மிளகு போட்டேன். கதிரையை விட்டு நான் எழும்பாததும் அதனால்தான். மலை வந்தால் முதலில் என்மேல் வரட்டும் என்று இருந்தேன்.

வாருங்கள். இப்போது அந்த வாசல் இல்லை. மிதிக்க மாட்டேன் என்ற சொல்லும் உங்களைக் கட்டாது.

மீராலெப்பை


கண்டி
8 ஜூலை 1937

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பியின் ஸலாம். சுகம் கேட்க எனக்கு முகமில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நேரில் சொல்லத் துணிவு வராது என்பதால் இதை முன்னால் அனுப்புகிறேன்.

துரை வருவது தள்ளிப் போகவில்லை. மே தொடக்கத்திலேயே வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டுக்காரப் பெண் கெசக்கோலால் அளந்ததை நம்பி எந்தக் கந்தோரும் ஊரை எழுப்பாது என்றார். ராஜலிங்கம் என்னிடம் சொன்னார், “துரையை விடும். நீர் போம்” என்று. நான் போகவில்லை. மச்சானின் வாசலை மிதிப்பதா என்று என் வீறாப்பு. உங்களிடம் உண்மையைச் சொன்னால் நீயாவது வா என்பீர்கள் என்று பொய் எழுதினேன். நீங்கள் கடைசியில் வா என்று எழுதிய பிறகும் ஒன்பது நாள் இருந்தேன். மறுபடி துரையின் அறைக்கு வெளியே நின்றேன். அப்போதே உங்களுக்கு உண்மை தெரிந்திருந்தால் மே மாதமே ஊரைக் கூட்டியிருப்பீர்கள். இருளப்பனுக்கு மாட்டை அவிழ்த்துப் போக ஒன்றரை மாதம் இருந்திருக்கும்.

மச்சான் காட்டை வெட்டினார். நான் நேரத்தை வெட்டினேன்.

நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருக்க விடுங்கள்.

நளீர்


கண்டி
20 செப்டம்பர் 1937

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பியின் ஸலாம். நான் சுகம். கம்பளையில் மச்சான் எடுத்திருக்கும் வாடகை வீட்டில் நீங்கள் மூவரும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். றமீஸாவை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாக மச்சான் தாமே கடிதம் போட்டார். இனி என் சொற்கள் அவளுக்குத் தேவைப்படாது.

நானும் ராஜலிங்கமும் ஒரு கிழமை அந்த நிலத்தில் நடந்து அளந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது மேசையில் படம் இருக்கிறது. பழைய படத்தில் நம் மலை அழகாக இருந்தது. போன வருஷம், இந்தக் கூட்டத்தில் சேருமுன், கந்தோரில் நானே வரைந்தது. நேற்றுக் காலை முழுவதும் பேனாக்கத்தியால் அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்தேன். ஒரு மலையை எடுக்க எனக்கு நான்கு மணி நேரம். உண்மையான மலைக்கு அவ்வளவும் ஆகவில்லை.

ராஜலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “ஐயா, நாங்கள் கீறுறது எல்லாம் பென்சிலாலதான் கீற வேணும்” என்றார்.

மலை சரிந்து அடைத்ததால் பழைய ஓடை திரும்பிப் புது வழியில் போகிறது. படத்தில் அதற்குப் பெயர் எழுத வேண்டும். கந்தோரில் கேட்கிறார்கள். என்ன பெயர் போடலாம்? இருளப்பனின் பெயரைப் போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராக்கம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

நளீர்


கம்பளை
17 ஒக்டோபர் 1937

அருமைத் தம்பி நளீருக்கு ராத்தாவின் ஸலாமும் துஆவும். நாங்கள் சுகம். மச்சானின் இருமல் நின்றுவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். நான் மறுபடி எழுதுகிறேன் என்பதே உனக்குப் பெரிய சுகச் செய்தியாக இருக்கும்.

போன வெள்ளி நானும் ராக்கம்மாவும் அந்த நிலத்துக்குப் போனோம். மச்சான் முந்தியே போய்விட்டார். மேல் விளிம்பில் காட்டு மரக் கன்றுகள் நட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை. தன் ஆயுளில் அவற்றின் நிழலைப் பார்க்கமாட்டார். அது தெரிந்துதான் நடுகிறார்.

மண் எல்லாம் சிவப்பு. அதில் பச்சை பொட்டுப் பொட்டாக வந்திருக்கிறது. நாம் போடாத விதை. எங்கிருந்து வந்தது? ஒரு மீன்கொத்தி, நாலு மாதத்துக்கு முன் இல்லாத ஓடைக்கரையில், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருப்பது போல உட்கார்ந்திருந்தது. நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். இந்தப் பூமிக்கு எங்கள்மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை, தம்பி. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலை எவ்வளவு பெரிது! அதற்கு நடுவில் கொஞ்சக் காலம் நமக்கும் ஒரு முற்றம் கொடுத்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போது துக்கத்தைவிட மலைப்புத்தான் வருகிறது.

உன் கேள்வியை ராக்கம்மாவிடம் கேட்டேன். அவள் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவரு எந்தப் பக்கம் கெடக்காருன்னே தெரியல. தண்ணியும் இன்னும் ஒரு எடத்துல நிக்கல. போன வாரம் அந்தக் கல்லுக்கு அந்தாண்ட ஓடுச்சு, இப்ப இந்தாண்ட வந்திருச்சு. அதுக்குள்ள பேரு எதுக்கும்மா?” என்றாள். காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு, “தண்ணி எங்க போறதுன்னு முடிவு பண்ணட்டும். அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள்.

படத்தில் அந்த இடத்தை வெறுமையாக விடு.

உன் ராத்தா,
ருக்கியா